ராத்திரி குளிராத ஊரில் தக்காளி

இந்தக் கோடையில் எங்கள் மொட்டை மாடியில் பூத்த தக்காளிப் பூக்கள் 412. கைக்கு வந்த பழங்கள் 9. அணில் கடித்துப் போட்ட இரண்டையும் பெரிய மனசு பண்ணிச் சேர்த்துக்கொண்டால் 11.

பூவைப் போய் யாராவது எண்ணுவார்களா என்று கேட்கலாம். நான் எண்ணுவேன். கணக்கு எழுதித்தான் இருபது வருடமாகச் சம்பளம் வாங்குகிறேன். பால் கணக்கு எழுதும் நாற்பது பக்க நோட்டைத் திருப்பிப் போட்டு, கடைசிப் பக்கத்திலிருந்து தேதி, விரிந்தது, உதிர்ந்தது என்று மூன்று கட்டம் போட்டேன். மே மாதம் நாலாவதாக ஒரு கட்டம் சேர்ந்தது. அதற்குப் பிறகுதான் எனக்கு விஷயமே புரிந்தது.

தக்காளி வெறி பிடித்தது 2023 ஜூலையில். கிலோ நூறு ரூபாயைத் தாண்டியும் ஏறிக்கொண்டே போன மாதம் அது. ரேஷன் கடையில் அரசு 60 ரூபாய்க்குக் கொடுத்தது. பையை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற அம்மா, "புளியைக் கரைச்சே ரசம் வெச்சுட்டுப் போயிடலாம். வீட்ல இருக்கிறதுங்க ஒத்துக்கணுமே" என்றார். அந்த வரிசையிலேயே முடிவு பண்ணிவிட்டேன், இனி நம் வீட்டுத் தக்காளிதான் என்று.

முடிவெடுப்பதற்கும் மண் கலப்பதற்கும் நடுவே சில வருடங்கள் ஓடுவது எங்கள் வீட்டு வழக்கம். போன கார்த்திகையில்தான் முதல்முறையாக இரண்டே இரண்டு குரோ பேக்கில் நட்டேன். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் பி.கே.எம். 1 ரகம். காம்போரம் பச்சை தங்கிய, கொஞ்சம் தட்டையான பழம். தையும் மாசியும் காய்த்துத் தள்ளியது. எடை போட்டால் மூன்றே முக்கால் கிலோ. கிள்ளிப் போட்ட சாம்பாருக்கே வாசனை தெருவரை போனது என்று என் மாமியார் கீழ்வீட்டில் சொல்லிவிட்டு வந்தார். அவர் என் சமையலைப் பற்றி அவ்வளவு தூரம் சொன்னதில்லை.

அங்கேதான் எனக்குத் தலை கொஞ்சம் கனத்தது. இரண்டு பைக்கு மூன்றே முக்கால் கிலோ என்றால், எட்டுப் பைக்குப் பதினைந்து கிலோ. பெருக்கல் தெரிந்தவளுக்கு வருகிற ஆபத்து இது. போதாததற்கு ராத்திரி தூக்கம் வராத நேரத்தில் வெளிநாட்டுக்காரர்களின் தோட்ட வீடியோக்கள் பார்ப்பேன். ஜூன், ஜூலையில் அவர்கள் கூடை கூடையாகத் தக்காளி பறிப்பார்கள். தக்காளி என்றால் கோடைப் பயிர், வெயில் எவ்வளவு விழுகிறதோ அவ்வளவு நல்லது என்பார்கள். அவர்கள் கோடை என்று சொல்வது நம்முடைய மார்கழியை என்பது எனக்கு உறைக்கவில்லை. பகலில் 29, ராத்திரியில் 21 டிகிரி என்றால் நமக்குச் சால்வை போர்த்திக்கொண்டு சபாவுக்குப் போகிற காலம். அவர்களுக்கு அது நடுக்கோடை.

மாசி பிறந்ததும் விதை போட்டேன். பங்குனி தொடக்கத்தில் எட்டுப் பையில் எடுத்து நட்டேன். ராயக்கோட்டைப் பக்கம் ஒன்றரை ஏக்கர் தக்காளி வைத்திருக்கும் சித்தப்பாவிடம் போனில் பெருமையாகச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"பூ வெக்கறப்போ கத்திரி வந்துடுமே கண்ணு."

"வெயில் இருந்தா நல்லதுதானே சித்தப்பா. செடிக்கு வெயில்தானே சாப்பாடு?"

"சாப்பாடு சரி. தூங்க வேணாமா?"

வயசானவர் ஏதோ சொல்கிறார் என்று விட்டுவிட்டேன்.

செடிகள் என்னவோ பிரமாதமாக வந்தன. சென்னை நங்கநல்லூரில் எங்கள் மாடிக்கு மறைப்பே கிடையாது. காலை ஏழு மணிக்கு விழும் வெயில் சாயங்காலம் ஐந்தரை வரை நகராது. இடுப்பு உயரத்துக்கு வளர்ந்து, இலையைத் தொட்டால் கையெல்லாம் பச்சை வாசனை. சித்திரை ஒன்றாம் தேதி, மாங்காய்ப் பச்சடி கிளறிவிட்டு மாடிக்குப் போனால் முதல் பூ. போட்டோ எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டேன். நாலாம் நாள் அந்தப் பூ தரையில் கிடந்தது.

தக்காளிப் பூ உதிர்வதற்கு ஒரு முறை இருக்கிறது. காம்பின் நடுவில் முழங்கை மாதிரி ஒரு சின்னக் கணு உண்டு. முதலில் அந்தக் கணு வெளுத்து மஞ்சளாகும். பூ அப்போதும் நன்றாகத்தான் இருக்கும். மறுநாள் விரல் பட்டால் போதும், கணுவிலிருந்து பட்டென்று கழன்று விழும். கொஞ்ச நாளில் எனக்குப் பூவைப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. கணுவைப் பார்த்தே இது நாளைக்கு, இது நாளன்றைக்கு என்று சொல்லிவிடுவேன். காலையில் முதல் வேலை துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய் அவற்றைக் கூட்டி எண்ணுவது. ஏப்ரல் மாதக் கணக்கு: விரிந்தது 131, உதிர்ந்தது 131. இவ்வளவு சுத்தமாக இரண்டு பக்கமும் ஒத்துப்போன கணக்கை அலுவலகத்தில்கூட நான் பார்த்ததில்லை.

வைத்தியம் சொல்ல ஆளுக்குக் குறைவில்லை. மோரில் பெருங்காயம் கரைத்துத் தெளி என்றார் மாமியார். தெளித்தேன், செடி முழுக்க வத்தக்குழம்பு வாசனை. தேமோர் கரைசல் போடு என்றாள் அலுவலகத் தோழி. தேங்காய்ப்பாலையும் மோரையும் மண்பானையில் கலந்து ஒரு வாரம் புளிக்கவிட்டுத் தெளித்தேன். பூ இன்னும் அதிகமாகப் பூத்தது, இன்னும் அதிகமாக உதிர்ந்தது. அப்புறம் மீன் அமிலம். மீன் கழிவும் வெல்லமும் சம எடை போட்டு மூடி வைப்பது. அது வினையாகிவிட்டது. மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் மூன்றாம் மாடி சார் ஏற்கெனவே, "தண்ணி தேங்கித் தளம் ஒழுகப்போகுது மேடம்" என்று அசோசியேஷன் கூட்டத்தில் எழுப்பியவர். மீன் டப்பாவைத் திறந்த அன்று அவர் ஒன்றும் சொல்லவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றார், அவ்வளவுதான்.

இவற்றில் எனக்குப் பிடித்தது டூத் பிரஷ் வைத்தியம். தக்காளிப் பூவில் மகரந்தம் வெளியே தூவிக் கிடக்காது. நடுவில் இருக்கும் மஞ்சள் குழாய்க்குள் அடைந்திருக்கும். ஆட்டினால்தான் கொட்டும். தேனீக்கு அந்த வித்தை தெரியாது. எங்கள் சங்குப்பூக் கொடிக்கு வருகிற குண்டுக் கருவண்டுக்குத் தெரியும். பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை உதறி ரீங்கரிக்கும், மகரந்தம் உப்பு மாதிரி உதிரும். வயலில் காற்றே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. என் மகனின் பழைய பேட்டரி டூத் பிரஷை எடுத்துக்கொண்டு காலை எட்டு மணிக்கு ஒவ்வொரு பூங்கொத்தின் காம்பிலும் வைத்து விர்ரென்று ஆட்டினேன். எதிர்மாடியில் துணி காயப்போட்ட பெண் கையில் கிளிப்போடு அப்படியே நின்றுவிட்டாள். தக்காளிக்குப் பல் தேய்த்துவிடுகிறாள் என்று அந்தத் தெருவில் எனக்கு ஒரு பெயர் இருப்பதாகப் பிறகு தெரிந்தது. பூ கேட்கவில்லை. உதிர்ந்தது.

சரி, வெயில்தான் காரணம் என்று மே முதல் வாரம் பச்சை வலை வாங்கிக் கட்டினேன். பாதி வெயிலைத் தடுக்கும் வலை. அதற்கு முன் மகனுடைய டிஜிட்டல் காய்ச்சல் தெர்மாமீட்டரைப் பிற்பகல் மூன்று மணிக்குப் பை மண்ணில் ஒரு விரல் ஆழம் செருகிப் பார்த்தேன். எண் எதுவும் வரவில்லை. மேலே போகிற அம்புக்குறி மட்டும் வந்தது. மனுஷனுக்கு வரக்கூடிய காய்ச்சலைத் தாண்டினால் அதற்குக் கணக்கு தெரியாது. பையைச் சுற்றிப் பழைய வெள்ளை வேட்டி சுற்றினேன், மண்மேல் தேங்காய் மட்டை பரப்பினேன். இலை கருகுவது நின்றது. பூ உதிர்வது நிற்கவில்லை.

அப்போதுதான் சித்தப்பா கேட்ட கேள்வி ஞாபகம் வந்தது. ராத்திரி சாப்பிட்டுவிட்டு ஒன்பதரை மணிக்கு மாடிக்குப் போய்ச் செருப்பைக் கழற்றி நின்றேன். தளம் இன்னும் சுட்டது. பகலெல்லாம் குடித்த வெயிலைக் கான்கிரீட் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்டுக்கொண்டிருந்தது. செடிகள் எட்டும் அந்த மூச்சுக்கு நடுவில் நின்றன. நாலாவது கட்டம் போட்டது மறுநாள். மீனம்பாக்கம் வானிலை நிலையத்தின் குறைந்தபட்ச வெப்பநிலை. எங்களுக்குக் கூப்பிடு தூரம்தான், விமானம் இறங்கும் சத்தம் கேட்கிற தூரம். நோட்டில் இன்றைக்கும் இருக்கிறது: 28, 28, 29, 28, 30, 29.

தக்காளிக்கு ராத்திரியில் 15 முதல் 20 டிகிரி வரை இருந்தால் சுகம். 21, 22-ஐத் தாண்டினாலே காய் பிடிப்பது குறையும். பகலில் 35-ஐத் தாண்டி, ராத்திரியிலும் தணியாமல் போனால் மகரந்தம் உயிரில்லாத தூளாகிவிடும். அதை டூத் பிரஷ் வைத்து ஆட்டினால் என்ன, கருவண்டு வந்து கச்சேரி செய்தால் என்ன? மே மாதத்தில் சென்னையின் ராத்திரி சராசரியாக 27, 28. பகலில் மதியத்துக்கு மேல் கடற்காற்று வந்து ஓரளவு காப்பாற்றும். மேற்குக் காற்று பலமாக அடித்து அது உள்ளே வராத நாளில்தான் 40-ஐத் தாண்டுவது. 2003 மே 31 அன்று 45 வரை போனது. ஆனால் பகல் சூட்டைத் தணிக்கிற அதே கடல்தான் ராத்திரியைக் குளிரவிடாமல் புழுக்கமாக வைத்திருக்கிறது. அந்தப் புழுக்கத்துக்குப் பச்சை வலையால் ஒன்றும் செய்ய முடியாது.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு கோயம்பேட்டைப் பார்க்கும் விதமே மாறிப்போனது. சென்னைக்குத் தக்காளி வருகிற ஊர்களை யோசித்துப் பாருங்கள். மதனப்பள்ளி, கோலார், ஓசூர், ராயக்கோட்டைப் பக்கம். எல்லாம் மேட்டு நிலம். கடல் மட்டத்திலிருந்து 700, 800 மீட்டர் உயரம். பகலில் அங்கேயும் வெயில் கொளுத்தத்தான் செய்யும். பொழுது சாய்ந்தால் காற்று மாறிவிடும். சித்தப்பா வீட்டில் சித்திரையிலும் விடியற்காலையில் துண்டு போர்த்திக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார். சின்ன வயதில் லீவுக்குப் போனபோதெல்லாம் பார்த்திருக்கிறேன். அதற்கும் தக்காளிக்கும் முடிச்சுப் போட எனக்கு இத்தனை வயசாகியிருக்கிறது.

மே நடுவில் வங்கக்கடலில் ஏதோ சுழன்று, நான்கைந்து நாள் மேகமும் மழையுமாக இருந்தது. கத்திரி நடுவிலேயே ராத்திரி 25, 24 என்று இறங்கியது. நான் ஓடி ஓடிப் பூவைப் பார்த்தேன். மழை நாட்களில் விரிந்த பூக்கள் வழக்கம்போல விழுந்தன. ஏமாற்றத்தில் இரண்டு நாள் நோட்டையே தொடவில்லை. மழை நின்று ஒரு வாரம் கழித்து விரிந்த பூக்களில்தான் அதிசயம். இதழ் வாடியது, கணு பச்சையாகவே நின்றது, நடுவில் மிளகு அளவுக்கு ஒரு பச்சை உருண்டை. பூ விரிவதற்கு ஒரு வாரம், பத்து நாளுக்கு முன்பே மொட்டுக்குள் மகரந்தம் உருவாகத் தொடங்கிவிடுகிறது. சூட்டுக்கு அது ரொம்பவும் பயப்படுவது அப்போதுதான். மழை நாளில் மொட்டாக இருந்தவை தப்பித்துக்கொண்டன. மொத்தம் 17. அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

பதினேழில் மூன்று பட்டாணி அளவிலேயே வாடி விழுந்தன. மூன்றுக்கு அடிப்பக்கம் கறுத்துத் தோல் மாதிரி ஆனது. அதற்கு முட்டை ஓட்டைப் பொடித்துப் போடு என்று ஒருவர் விடாமல் சொல்வார்கள். போட்டேன். முட்டை ஓடு கரைந்து செடிக்குப் போய்ச் சேருவதற்குள் நமக்குப் பேரன் பிறந்துவிடுவான். மண்ணில் சுண்ணாம்புச் சத்து இல்லாமல் இல்லை, அதைக் காய் வரை தூக்கிப் போக ஒரே சீராகத் தண்ணீர் வேண்டும். எங்கள் வீட்டில் ஒருநாள் மறந்துவிட்டு மறுநாள் குடம் குடமாக ஊற்றுவோம். போர் தண்ணீரோ வாளியில் வெள்ளையாகப் படிகிற உப்புத் தண்ணீர். அப்புறம் காலை, மாலை ஒரு சொம்பு வீதம் ஊற்றிய பிறகு புதிதாக எதுவும் கறுக்கவில்லை.

நடுவில் மூன்று செடிகள் இலை சுருண்டு போயின. வெள்ளை ஈ கொண்டுவந்து விடும் வைரஸ். வேப்பெண்ணெய், விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் அட்டை எல்லாம் தொங்கவிட்டுப் பார்த்து, கடைசியில் வேரோடு பிடுங்கிக் குப்பை வண்டியில் போட்டேன். பெங்களூர் ஆராய்ச்சி நிலையத்தின் அர்கா ரக்ஷக் இந்த நோயைத் தாங்கும், அடுத்த முறை அதுதான். எழுத அதற்கு மேல் ஒன்றுமில்லை. பிடுங்கிய அன்று சோறு இறங்கவில்லை என்பது தவிர.

ஜூலையில் காய்கள் நிறம் மாறத் தொடங்கின. மாறிப் பாதியில் நின்றுவிட்டன. ஆரஞ்சும் இல்லை, மஞ்சளும் இல்லை, வெளிறிப்போன ஒரு நிறம். "என்னம்மா இது, மஞ்சக்காமாலை வந்த மாதிரி இருக்கு" என்றார் மாமியார். அவர் சொன்னது உவமைதான் என்றாலும் விஷயம் கிட்டத்தட்ட அதுவே. தக்காளிக்குச் சிவப்பைக் கொடுப்பது லைகோபீன். வெப்பம் 30, 32-க்கு மேல் நீடித்தால் அது உருவாவது நின்றுவிடும். மஞ்சள் தரும் கரோட்டின் மட்டும் ஊறிக்கொண்டே இருக்கும். நேர்வெயிலில் தொங்குகிற காய் காற்றைவிட இன்னும் சூடாக இருக்கும். எத்தனை நாள் செடியில் விட்டாலும் சிவக்காது, தோல் தடித்து மாவு மாதிரி ஆகும். இரண்டு பழத்தை அப்படி விட்டுப் பார்த்தபோதுதான் அணில் வந்தது. அணிலும் முழுசாகச் சாப்பிடவில்லை. கடித்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போனது.

மிச்சம் ஒன்பதையும் லேசாகப் பழுப்பு தட்டும்போதே பறித்தேன். ஃபிரிஜ்ஜில் வைத்தால் சுவை போய்விடும், அடுப்பங்கரையோ மாடியைவிட மோசம். வீட்டில் குளிர்ச்சியான இடம் ஒன்றே ஒன்று, மகன் படுக்கிற ஏசி அறை. அவனுடைய புத்தக அலமாரியில் செய்தித்தாள் விரித்து ஒன்பது தக்காளியையும் படுக்கவைத்தேன். ராத்திரி 25-ல் ஏசி ஓடும். "ஏம்மா, இதுங்களுக்கும் போர்வை போர்த்தணுமா?" என்றான். ஐந்தாம் நாள் விளக்கைப் போட்டால், ஒன்பதில் ஏழு சிவந்திருந்தன. உடனே சித்தப்பாவுக்கு போன் பண்ணி, "தூங்க வெச்சுட்டேன் சித்தப்பா" என்றேன். அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்த பிறகு ரொம்ப நேரம் சிரித்தார்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இலை சுருண்ட செடிகளைப் பிடுங்கிக் காலியாக விட்ட பைகளில் ஒன்றில், நான் தண்ணீர்கூட ஒழுங்காக ஊற்றாத பையில், தானாக ஒரு மணத்தக்காளி முளைத்தது. ஏதோ பறவை போட்டுவிட்டுப் போன விதை. அந்த வெயிலிலும் வெள்ளை வெள்ளையாகப் பூத்து, ஒரு பூ வீணாகாமல் கொத்துக் கொத்தாகக் காய்த்தது. தக்காளி என்ற பெயர் முதலில் இதற்கும் வேலியோரச் சொடக்குத் தக்காளிக்கும்தான் சொந்தம். சிவப்புப் பழம் தென்னமெரிக்காவில் பிறந்து போர்த்துகீசியரோடு வந்தது. என் பாட்டி கடைசிவரை அதைச் சீமைத் தக்காளி என்றே சொன்னார். திவசச் சமையலில் சேர்க்கவிட்டதில்லை. மாமியார் மணத்தக்காளிக் கீரையைப் பறித்துப் பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வைத்தார், காயை மோரில் ஊறவைத்து வற்றல் போட்டார். நான் ஒரு நாளும் அந்தச் செடியின் பூவை எண்ணவில்லை.

ஏழு சிவப்பையும் இரண்டு ஆரஞ்சையும் சேர்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமை தொக்கு செய்தேன். எடை 340 கிராம். வதங்கி வந்ததும் ஒரு கிண்ணம். நாலு பேர் இட்லிக்குத் தொட்டுக்கொண்டதில் கிண்ணம் துடைத்த மாதிரி ஆனது. புளிப்பு கொஞ்சம் கம்மி என்று எல்லோருக்கும் தெரிந்தது, யாரும் சொல்லவில்லை.

ஆடி மூன்றாம் வாரம் சித்தப்பாவின் மகன் ஏதோ இன்டர்வியூவுக்காக ஊரிலிருந்து காரில் வந்தான். டிக்கியிலிருந்து ஒரு நீல பிளாஸ்டிக் பெட்டி இறங்கியது. நிறையத் தக்காளி, விரல் வைத்தால் சத்தம் வருகிற மாதிரி கெட்டியாக, கொழுத்த சிவப்பில். "மார்க்கெட்ல கிலோ எட்டு ரூபாய்க்குக் கேக்கறான் அக்கா. அப்பா, உனக்காவது கொடுத்துட்டு வரச் சொன்னார்" என்றான். எட்டு ரூபாய் பறிகூலிக்கே போதாது என்பது எனக்குத் தெரியும். காசு கொடுத்தால் சித்தப்பா பேசமாட்டார் என்பதும் தெரியும்.

பெட்டியைக் கூடத்தில் வைத்துப் பிரித்துப் பக்கத்து வீடு, கீழ்வீடு, எதிர்மாடிப் பெண் என்று ஆளுக்கு ஒரு கிலோ கட்டினேன். மூன்றாம் மாடிக்கும் ஒரு பை. சார்தான் கதவைத் திறந்தார். பைக்குள் எட்டிப் பார்த்தார், ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார், மீன் வாசனை வருகிறதா என்றுதான் என நினைக்கிறேன்.

"மாடியில காய்ச்சதா மேடம்? நான்கூட என்னவோ நினைச்சேன். பிரமாதம்."

நான் சிரித்துவைத்தேன். அன்றைக்கு முழுக்க அந்தப் பையில் இருந்த ஒரு கிலோவை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.